நண்டு இல்லாத நண்டு

இந்த இதழுக்குச் சமையலறையிலிருந்து ஒரு சரித்திரம். காமர்ஸ் படித்துவிட்டு வங்கிக் கவுன்ட்டரில் காலம் தள்ளியவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் என் பேரன்.

நாலு வருஷத்துக்கு முன் தூத்துக்குடியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். நண்டு ரசம் வைத்தார்கள். அரை டம்ளர் குடித்த கால் மணி நேரத்தில் அவனுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இளைத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நண்டு, இறால் இரண்டும் இனி கூடாது என்றார் டாக்டர். ஒவ்வாமை தரும் அந்தப் புரதம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாதாம். இப்போது அவனுக்குப் பத்து வயது. "நண்டு எப்படித் தாத்தா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவனுக்காகத் தேடிப் படித்தபோது சீனாக்காரர்களின் பொய் நண்டு அகப்பட்டது.

இந்த விஷயத்தில் அவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். சோங் அரச மரபின் தலைநகரமாக இருந்த கைஃபெங் 1127-ல் வடக்கிலிருந்து வந்த படையிடம் வீழ்ந்தது. அங்கிருந்து தெற்கே ஓடிவந்த மெங் யுவான்லாவ் என்பவர், பறிகொடுத்த ஊரை நினைத்து நினைத்து ஒரு புத்தகம் எழுதினார். அதன் முன்னுரை 1147-ல் எழுதப்பட்டது. எந்தத் தெருவில் என்ன கடை, எந்தக் கடையில் என்ன பலகாரம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய ஊரைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்தச் சாப்பாட்டுப் பட்டியலில் 'பொய்ப் பேத்தை மீன்' என்று ஒன்று வருகிறது. பேத்தை விஷ மீன். கைதேர்ந்தவர் சுத்தம் செய்யாவிட்டால் உயிர் போய்விடும். ருசியும் வேண்டும், உயிரும் வேண்டும் என்பவர்கள் பொய்ப் பேத்தை கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். எனக்குப் பிடித்தது, பெயரிலேயே 'ஜியா', அதாவது பொய், என்று சொல்லி விற்றதுதான். கவுன்ட்டரில் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே வருஷங்களைக் கழித்தவன் நான். கள்ள நோட்டு தன்னைக் கள்ள நோட்டு என்று சொல்லாது. பிள்ளைகள் விளையாடும் நோட்டு சொல்லிவிடும்.

இதற்கும் முன்பே, லியாங் மன்னர் வூ புத்த மதத்தில் ஊறி, முன்னோர் படையலுக்கு உயிர்ப்பலி வேண்டாம், மாவில் உருவம் செய்து வையுங்கள் என்று 517-ல் ஆணையிட்டார். புத்த மடங்களின் சைவச் சமையல் பின்னாளில் பெரிதாக வளர்ந்தது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் தமிழர்கள் புரட்டாசி விரதத்துக்கு வாங்கும் சைவ மீன், சைவ இறாலெல்லாம் அந்த வழி வந்தவைதான்.

பொய் நண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சாய் பாங்சியே'. நண்டோடு போட்டி போடுவது என்று பொருள். வெறும் முட்டைதான். ஆனால் சீனாவில் வேகவைத்த நண்டை இஞ்சியும் வினிகரும் தொட்டுத்தான் தின்பார்கள். அதே இரண்டையும் முட்டையில் ஊற்றினால் நாக்குக்கு நண்டு ஞாபகம் வந்துவிடுகிறது. கடலே இல்லாத சிச்சுவான் மாகாணத்தில் 'மீன் வாசனைக் கத்தரிக்காய்' என்று ஒன்று உண்டு. அதில் மீன் இல்லை. மீனுக்குப் போடும் ஊறிய மிளகாய், இஞ்சி, பூண்டு, சர்க்கரை, வினிகர் மட்டுமே.

நமக்கு இது புதிதா என்ன? கடல் நம் செம்பட்டியிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால். என் சின்ன வயதில் எங்களுக்கு மீன் என்றால் குளத்து மீன், இல்லையென்றால் கருவாடு. அசைவம் கூடாத நாளில் அம்மா தட்டைப்பயறை ஊறவைத்து அரைத்து, வாழையிலையில் தடவி ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டுப் பொரித்துப் புளிக்குழம்பில் போடுவார். சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம், புளி கொதிக்கிற வாசனையிலேயே பாதி மீன் வந்துவிடும்.

இப்போது செய்முறை. மூன்று முட்டையில் வெள்ளையையும் மஞ்சளையும் தனித்தனியாக எடுத்து, இரண்டிலும் துளி உப்புப் போட்டு லேசாக அடியுங்கள். சிறு தீயில் எண்ணெய் விட்டு வெள்ளையை மெதுவாகக் கிளறினால் நண்டுச் சதைபோல உதிரும். இறுகும் முன் எடுத்துவிட வேண்டும். மஞ்சளும் அப்படியே, கொஞ்சம் தளதளவென்று இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து, பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, வினிகர் இரண்டு டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், இரண்டு கரண்டித் தண்ணீர் கலந்து மேலே ஊற்றுங்கள். முதல் தடவை தீ அதிகமாகி எனக்கு முட்டைப் பொரியல்தான் கிடைத்தது.

முட்டை சேராதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஷாங்காய்ப் பக்கத்தில் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் வேகவைத்து, ஒன்றிரண்டாக மசித்து, அதே இஞ்சி வினிகரில் வதக்குகிறார்கள். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் கிழங்கும் கேரட்டும் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. கடைகளில் குளிர்பெட்டியில் விற்கும் 'கிராப் ஸ்டிக்' வேறு சமாச்சாரம். 1970-களில் ஜப்பானில் வந்தது. மீன் சதையை அரைத்து, மாவும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்வது. வாசனைக்காக உண்மையான நண்டுச் சாறு சேர்ப்பதும் உண்டு. பொய் நண்டுதானே என்று ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நண்டு, இறால் வகை சேர்த்திருந்தால் உறையில் அச்சிட வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டமே சொல்கிறது. எழுத்து பொடியாக இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

பொங்கலுக்கு வந்த பேரன் இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினான். "நிஜ நண்டும் இப்படித்தான் இருக்குமா அப்பத்தா?" என்றான். "அதுல ஓடு உடைக்கிற வேலை ஒண்ணு இருக்கும்டா" என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தையும் வழித்துப் போட்டாள் என் மனைவி.