பின்னி மில் – 7: அரை மணி நேரச் சோறு

அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி 1906-இல் திவாலானபோது பின்னியும் ஆட்டம் கண்டது. ஜேம்ஸ் மேக்கே வந்து கைதூக்கிவிட்டார் என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கண்டத்தைத் தாண்டிய மில்லை அடுத்து உலுக்கியது இன்னொரு வங்கி அல்ல. தொழிலாளியின் தூக்குச்சட்டி.

பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகான அதன் முகத்தைத் தமிழ்ப் படம் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. கூரை போன கொட்டகை, சுவரைப் பிளந்துகொண்டு வளரும் அரசங்கன்று, கால் வைத்தால் கிளம்பும் புழுதி. கதாநாயகன் அடியாட்களைப் பறக்கவிட எத்தனை இயக்குநர்கள் இங்கே கேமரா வைத்தார்களோ! இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. டூப்பு போடாத சண்டையும் இந்த மில்லுக்கு உண்டு. அது தொடங்கிய இடம் சாப்பாட்டு வேளை.

1911-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டப்படி பஞ்சாலையில் ஆண்களுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. நடுவில் சாப்பிட அரை மணி. பஞ்சுத்தூசி படிந்த கையைக் கழுவி, ஆயிரக்கணக்கானவர்களோடு முண்டியடித்து உட்கார இடம் பிடித்து, சட்டியைத் திறந்து நாலு வாய் அள்ளிப் போடுவதற்குள் நேரம் போய்விடும். முதல் உலகப் போர் நடந்த காலம் வேறு. அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை.

இந்தக் குறையை முதலில் காதுகொடுத்துக் கேட்டவர்கள் அரசியல் தலைவர்கள் அல்லர். செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இரு வணிகர்கள். பெரம்பூரில் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்று ஒரு பக்திச் சபையை நடத்திவந்தார்கள். பிரசங்கம் கேட்க வந்த மில்காரர்கள் கூடவே தங்கள் வயிற்றுப்பாட்டையும் சொன்னார்கள். தொழிற்சங்க வரலாறு எழுதுபவர்கள் இந்த இருவரை இரண்டு வரியில் கடந்துபோவது எனக்கு ஒப்புவதில்லை. தெரிந்த தலைவர்கள் யாரும் இல்லாத நிலையில் அன்னி பெசன்டின் ‘நியூ இந்தியா’ அலுவலகப் படியேறி உதவி கேட்டவர்கள் இவர்கள்தாம்.

அங்கே இருந்தவர் பி.பி.வாடியா. பார்சி, பிரம்மஞான சபைக்காரர், 1917-இல் பெசன்டோடு ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டவர். தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேச, உடனிருந்தவர்கள் தமிழில் சொல்ல, பெரம்பூரில் கூட்டங்கள் நடந்தன. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். செயலாளர்கள் அந்த இரு வணிகர்கள்.

நிர்வாகம் இப்படியொரு சங்கம் இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. உரசல் முற்றி, 1920 அக்டோபரில் மில் கதவடைத்தது. டிசம்பரில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள்.

கம்பெனி கோர்ட்டுக்கும் போனது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டிவிட்டார் என்று வாடியா மீது உயர் நீதிமன்றத்தில் வழக்கு. நஷ்டஈடு கேட்டு மனு. தொழிற்சங்கத்துக்குப் பாதுகாப்பாக இந்தியாவில் அன்று ஒரு சட்டமும் கிடையாது. நீதிமன்றம் வாடியாவுக்கு இடைக்காலத் தடை போட்டது.

பிறகு கம்பெனியே சமரசத்துக்கு வந்தது. வழக்கைக் கைவிடுகிறோம் என்றது. பதிலுக்கு வாடியாவிடம் ஒன்றே ஒன்று கேட்டது. கேட்டது பணமாக இருந்திருந்தால் ஊர் கூடி வசூலித்துக் கொடுத்திருக்கும்.

(தொடரும்)