ஓடும் வீடு நின்றுபோனால்...

எங்கள் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். கடைசி செமஸ்டர் முடிந்ததும் பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஆறு மாதம் இந்தியாவைச் சுற்றி வருவது. (மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குவது தனிக் கதை.) வாடகை இல்லை, லாட்ஜ் செலவு இல்லை, டீசல் மட்டும்தான் என்று ஒரு நோட்டில் கணக்கும் போட்டாயிற்று. பி.காம். படித்துவிட்டு கணக்குப் போடாமல் இருந்தால் எப்படி?

அந்த நோட்டை அப்பாவிடம் காட்டினேன். அப்பா நாமக்கல் லாரியில் இருபத்தாறு வருடம் ஓட்டியவர். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "வண்டி நல்லாத்தான்டா ஓடும். போற எடத்துல நின்னுபோச்சுன்னா அன்னைக்கு எங்க தூங்குவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

என்னிடம் பதில் இல்லை. நமக்கு முன்னால் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருந்தார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததன் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை.

டாக்டரின் இரண்டு டன் வீடு

பிழைப்புக்காக வண்டியில் வாழ்ந்தவர்கள் உலகம் முழுவதும் உண்டு. ஆனால் பொழுதுபோக்குக்காக வண்டி வீடு கட்டிக்கொண்டவர்களில் முன்னோடி என்று எல்லோரும் சொல்வது கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவரை. ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்களுக்கு சாகசக் கதைகள் எழுதி வந்தார். 1885ல் பிரிஸ்டல் நகரத்து வேகன் தொழிற்சாலை ஒன்றில் 'வாண்டரர்' என்ற வண்டியைச் செய்யச் சொன்னார். அதற்கு அவர் கொடுத்த பட்டப்பெயர், தரையில் போகும் உல்லாசப் படகு!

வண்டியின் எடை சாமான்களோடு சுமார் 2 டன். இழுத்தது இரண்டு குதிரைகள். உள்ளே ஆர்மோனியம் கூட இருந்தது. அந்த வருடக் கோடையில் இங்கிலாந்தின் தெற்கே ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வெர்னஸ் வரை போனார்.

என்னைக் கவர்ந்தது வேறு விஷயம். குதிரைகளையும் வண்டியையும் பார்த்துக்கொள்ள ஒரு வண்டிக்காரர். மற்ற வேலைகளுக்கு ஒரு பணியாள். இவர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், குறுகிய சாலைகளில் எதிரே வருகிறவர்களை எச்சரிப்பார். அதாவது வண்டி வீட்டின் பராமரிப்பு முழுவதும் சம்பளக் கணக்கில் போய்விட்டது. டாக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் எழுதினார். அது 1886ல் வெளிவந்தது.

மோட்டார் வந்த பிறகும் முதலில் இதே கதைதான். 1910ல் பியர்ஸ்-ஆரோ என்ற அமெரிக்கக் கம்பெனி 'டூரிங் லாண்டோ' என்று ஒரு காரைக் காட்சிக்கு வைத்தது. பின்சீட்டை மடக்கினால் படுக்கை. டிரைவர் சீட்டின் முதுகில் மடக்கி வைத்த வாஷ்பேசின். டிரைவரோடு பேச ஒரு டெலிபோன். டிரைவர் என்று ஒருவர் இருப்பார் என்பதை யாரும் கேள்வி கேட்கவே இல்லை.

தகர டப்பா பயணிகள்

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி (1908 முதல் 1927 வரை) இதை மாற்றியது. விலை மலிவு, அமைப்பு எளிமை, உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். சாதாரணக் குடும்பங்கள் காரின் மேல் கூடாரம் கட்டியும், பின்புறம் மரப்பெட்டி வீடு அமைத்தும் குளிர்காலத்தில் ஃபுளோரிடா பக்கம் கிளம்பின. 1919ல் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கமே தொடங்கிவிட்டார்கள். அடையாளச் சின்னம் என்ன தெரியுமா? காரின் ரேடியேட்டர் மூடியில் பற்ற வைத்த ஒரு தகர டப்பா!

இவர்களிடம் வண்டிக்காரரும் இல்லை, பணியாளும் இல்லை. பஞ்சர் ஒட்டுவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, பெல்ட் மாற்றுவது எல்லாம் அவரவர் கையால்தான். வண்டி வீட்டுக்காரரே மெக்கானிக் ஆனது இங்கேதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வசந்த காலம் வந்ததும் இவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பிப் போக ஊரில் ஒரு வீடு இருந்தது.

ஸ்டீன்பெக் ஏற்றிய சுமை

நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக், 58வது வயதில், 1960 செப்டம்பரில், சார்லி என்ற நாயோடு தன் நாட்டைச் சுற்றக் கிளம்பினார். சுமார் 10,000 மைல். வண்டி, முக்கால் டன் வகை ஜி.எம்.சி. பிக்கப், அதன் மேல் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் உள்ள ஒரு சிறு அறை. டான் கிஹோட்டே கதையில் வரும் கிழட்டுக் குதிரையின் பெயரான 'ரோசினாண்டே'யை வண்டிக்கு வைத்தார். 1962ல் வந்த அந்தப் பயண நூலில் தயாரிப்பு பற்றிய பகுதி எனக்கு மிகவும் பிடித்தது.

மனிதர் துணி துவைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். மூடி போட்ட வாளியில் துணி, தண்ணீர், சோப்புத்தூள் போட்டு ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டு விடுவார். வண்டி நாள் முழுக்கக் குலுங்க, துணி தானாகத் துவைபடும். சாயங்காலம் அலசினால் போதும். (இதை மட்டும் எங்கள் திட்டத்தில் அப்படியே எடுத்துக்கொண்டோம் :-))

ஆனால் சுமை விஷயத்தில் கோட்டை விட்டார். வழியில் எதற்கும் தவிக்கக்கூடாது என்று கருவிகள், கயிறு, கடப்பாரை, ஏராளமான உணவு டப்பாக்கள், சுமார் 68 கிலோ புத்தகங்கள் என்று ஏற்றினார். தண்ணீர்த் தொட்டி 30 காலன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது நமக்குத் தெரியும். தொட்டி நிறைந்தால் அதுவே சுமார் 114 கிலோ! தேவைக்கு மேல் ஏற்றிவிட்டதை அவரே பிறகு ஒப்புக்கொள்கிறார்.

பலன் ஓரிகன் மாநிலத்தில் கிடைத்தது. மழை பெய்யும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர் வெடித்தது. சேற்றில் மண்டியிட்டு மாற்றினார். இன்னொரு டயரும் போகிற நிலை. ஒரு சின்ன சர்வீஸ் ஸ்டேஷன்காரர் லீவு நாளிலும் பல இடங்களுக்குப் போன் போட்டு, அந்த எடையைத் தாங்கும் பெரிய டயர்களை வரவழைத்துக் கொடுத்தார்.

இந்த நூலை முழு உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. பல இரவுகள் அவர் ஹோட்டல்களில் தங்கினார், சில பகுதிகளில் மனைவியும் கூட இருந்தார், உரையாடல்கள் பல கற்பனை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இதுவும் ஒரு தகவல்தான். வண்டி வீட்டின் புகழ்பெற்ற காவியத்தை எழுதியவருக்கே அவ்வப்போது நிஜக் கட்டில் தேவைப்பட்டிருக்கிறது!

வினபேகோ

'மோட்டார் ஹோம்' ஒரு தொழிலானது 1960களில். மிச்சிகன் மாநிலத்து ரேமண்ட் ஃபிராங்க் 1958ல் தன் குடும்பத்துக்காக ஒன்றைக் கட்டி, பிறகு டாட்ஜ் சேஸியில் விற்பனைக்கும் செய்தார். அயோவா மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரில் ஃபர்னிச்சர் கடை நடத்திய ஜான் ஹான்சன், ஊரில் வேலைவாய்ப்பு வேண்டும் என்று டிரெய்லர் தொழிற்சாலை ஒன்றைக் கொண்டுவரப் பாடுபட்டார். அதுதான் வினபேகோ கம்பெனி ஆனது. 1966ல் முதல் மோட்டார் ஹோம்.

காமர்ஸ் மாணவனுக்கு இது அருமையான பாடம். அசெம்பிளி லைன் முறை. பாகங்களை வெளியே வாங்காமல் முடிந்தவரை தாங்களே செய்வது. சுவருக்கு நடுவில் ஸ்டைரோஃபோம், வெளியே அலுமினியம் என்று எடை குறைந்த பலகை. விளைவு, போட்டியாளர்களின் விலையில் ஏறக்குறைய பாதிக்கு விற்க முடிந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்து பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டபோது இந்தத் தொழில் படுத்தது, பிறகு எழுந்தது.

ஒன்றுக்குள் இரண்டு சொத்து

இங்கே கொஞ்சம் நின்று பராமரிப்பைப் பார்ப்போம். மோட்டார் ஹோம் என்பது கணக்கில் ஒரே நிலைச் சொத்து. உண்மையில் இரண்டு. கீழே வண்டி, மேலே வீடு. இரண்டின் குணமும் நேர் எதிர். எஞ்சினுக்கு நிற்பது ஆகாது. வீட்டுக்கு ஓடுவது ஆகாது.

மாதக்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி இறங்கும், எரிபொருள் கெடும், டயர் பக்கவாட்டில் வெடிக்கும். (பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும் வயதான டயரை நம்பக்கூடாது.) ஓட்டினாலோ திருகு கழலும், குழாய் இணைப்பு கசியும், கூரை ஓரத்துப் பசை விடும். கூரையில் ஊசி முனை அளவு கசிந்தாலும் உள்ளே மரம் ஊறி, தெரிய வரும்போது சுவரே போயிருக்கும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியதாக எல்லோரும் சொல்வதில் முதலிடம் எடைக்குத்தான். சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏற்றிய பிறகு வே பிரிட்ஜில் நிறுத்தி, வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையோடு ஒப்பிட வேண்டும். சுமை கூடினால் டயர் அதிகமாக நசுங்கி, அந்த அசைவிலேயே சூடேறி வெடிக்கும். ஸ்டீன்பெக்குக்கு நடந்தது இதுதான்.

அடுத்தது மின்சாரம். எஞ்சின் ஸ்டார்ட் பண்ண ஒரு பேட்டரி, வீட்டு விளக்குக்கும் ஃபேனுக்கும் வேறு பேட்டரி. இரண்டையும் கலந்தால் இரவு ஃபேன் ஓடும், காலையில் வண்டி ஓடாது! சாதாரண லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். நோட்டில் 100 ஆம்பியர்-மணி என்று எழுதினால் கைக்கு வருவது 50தான்.

பிறகு காஸ். மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. காற்றுப் போக வழியும் எச்சரிக்கை மணியும் இல்லாமல் தூங்கக்கூடாது.

போக இடம் இல்லாதவர்கள்

2008 பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவில் பலர் வீட்டை இழந்தார்கள், சேமிப்பை இழந்தார்கள். அவர்களில் வயதான பலர் வேனிலும் பழைய மோட்டார் ஹோமிலும் குடியேறி, பருவத்துக்கு ஒரு வேலை என்று ஊர் ஊராகப் போனார்கள். ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களோடு பயணம் செய்து 2017ல் 'நோமேட்லேண்ட்' என்ற நூலை எழுதினார். அதைத் தழுவிய படம் 2021ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்ற ஊர்ப்பக்கம் இவர்கள் குளிர்காலத்தில் கூடி, சோலார் தகடு மாட்டுவது, கழிவறைப் பிரச்சினையைச் சமாளிப்பது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. கதாநாயகியின் வேன் ரிப்பேர். செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அவ்வளவு செலவு செய்வதை விட வேனை விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்று யோசனை சொல்கிறார்கள். கணக்குப்படி சரியான யோசனைதான். தேர்வில் கேட்டால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் அவள் அது என் வீடு, அதில்தான் நான் வாழ்கிறேன் என்கிறாள்.

அந்த இடத்தில் எனக்கு அப்பாவின் கேள்வி புரிந்தது. கார்டன் ஸ்டேபிள்ஸ் தூங்க ட்வைஃபோர்டில் வீடு இருந்தது. தகர டப்பா பயணிகளுக்கு ஊரில் வீடு. ஸ்டீன்பெக்குக்கு சாக் ஹார்பரில் வீடு. நூற்றி இருபது வருடச் சரித்திரத்தில் அந்தக் கேள்விக்கு நிஜமாகவே பதில் சொல்ல வேண்டி வந்தது, வேறு வீடு இல்லாதவர்களுக்குத்தான். மற்றவர்களுக்குப் பராமரிப்பு என்பது வெறும் வருவாயினச் செலவு. இவர்களுக்கு அதுதான் வாடகை. கட்டத் தவறினால் வெளியே துரத்த வீட்டுக்காரர் வரமாட்டார்; ஒரு பெல்ட் அறுந்தால் போதும்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க நின்னுபோன அன்னைக்கு எங்கப்பா தூங்குனீங்க?" என்று கேட்டேன்.

"நாக்பூர் தாண்டி ஆக்சில் ஒடிஞ்சு நாலு நாள் கெடந்தோம். வண்டிக்கு அடியிலதான். சரக்க விட்டுட்டு எங்கடா போறது?"

இத்தனை வருடத்தில் இதை வீட்டில் அவர் சொன்னதே இல்லை. அந்த நாலு நாளும் அம்மாவுக்குப் போன் போட்டு, லோடு ஏற லேட் ஆகிறது என்று மட்டும் சொன்னாராம்.

எங்கள் திட்டம் கைவிடப்படவில்லை. ஆறு மாதம் இரண்டு மாதமாகச் சுருங்கியிருக்கிறது. நோட்டில் இப்போது முதல் வரி டீசல் இல்லை. 'பழுதுக்கு ஒதுக்கு' என்று எழுதி, எங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வைத்திருக்கிறோம். வண்டி பார்க்கப் போகும்போது அப்பாவும் வருகிறார். டயரை அவர்தான் பார்ப்பாராம்.