சங்கம் முதல் பங்காளி வரை

நம் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் மண்டிக்கே வந்து கேட்டார்கள். நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லன். ஆரணிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து அரிசி வியாபாரம் செய்பவன். கல்வெட்டு நூல்களைப் படிப்பது மட்டும் விடாத பழக்கம். "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க ஐயா" என்றார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு: வியாபாரம், பழஞ்சொற்கள். ஆகவே, கூடித் தொழில் செய்தவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறேன்.

முதலில் நம் பலகையில் உள்ள 'சங்கம்' என்ற சொல். சமணத்தில் இது நால்வகையினரின் கூட்டம்: துறவியர் ஆண், பெண்; இல்லறத்தார் ஆண், பெண். வச்சிரநந்தி மதுரையில் திரமிள சங்கம் அமைத்ததாகத் தேவசேனரின் தர்சனசாரம் சொல்லும். துறவியும் கடைக்காரனும் ஒரே கூட்டத்தின் அங்கம் என்பதே இச்சொல்லின் பொருள்.

அதற்கும் முந்தையது 'நிகமம்'. மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில், கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. நந்தன் என்ற சமணத் துறவிக்கு அமைத்த உறைவிடத்துக்குக் கொடை தந்தோரில் வெள்ளறை நிகமத்தோரும் உண்டு. நிகமம் என்பது வணிகர் குழு. பிராகிருதத்திலிருந்து வந்த சொல். கொடுமணல் பானை ஓட்டிலும் இது கிடைத்திருக்கிறது. கவனியுங்கள், மாங்குளத்தில் கொடுத்தது தனி ஒரு செட்டியார் அல்லர், குழு. குழுவுக்கென்று பொதுப்பணம் இருந்திருந்தால்தானே அப்படிக் கொடுக்க முடியும்?

வழித்துணையாகச் சேர்ந்து சென்ற வணிகர் கூட்டம் 'சாத்து'. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலேயே அது இருக்கிறது. பின்னாளில் எழுந்த பெருங்கூட்டம் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்'. இவர்களின் மூலஊர் நாம் வாழும் இதே கர்நாடகத்து ஐஹோளே. தமிழ்க் கல்வெட்டுகளில் ஐயபொழில். இரவிகீர்த்தி 634இல் கட்டிய மேகுடி சமணக் கோயிலைத் தரிசிக்கத்தான் நான் அங்கே போனேன். குன்றின் மேலிருந்து பார்த்தால் கீழே சின்ன ஊர்தான். இந்த ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் 1088இல் சுமத்ராவின் பாரூசில் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள் என்பதை எண்ணி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்நூறு என்பது தலையெண்ணிக்கை அன்று. மரபாக வந்த பெயர். அதில் குலமும் இல்லை, சாதியும் இல்லை. இவர்களின் இன்னொரு பெயர் 'நானாதேசி', பல தேசத்தார். ஆனாலும் ஐயபொழில் பரமேசுவரியின் மக்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். பிறப்பால் வராத உறவைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

849ஆம் ஆண்டின் கொல்லம் செப்பேட்டையும் பாருங்கள். அங்கே ஒரு கிறித்தவக் கோயிலுக்கு வேணாட்டு மன்னன் உரிமைகள் தந்து, அவற்றைக் காக்கும் பொறுப்பை 'மணிக்கிராமம்', 'அஞ்சுவண்ணம்' என்ற இரு வணிகக் குழுக்களிடம் ஒப்படைத்தான். அஞ்சுவண்ணம் என்பது கூட்டம் எனப் பொருள்படும் 'அஞ்சுமன்' என்ற பாரசீகச் சொல்லின் திரிபு என்பர். சாட்சிகளின் ஒப்பங்கள் கூபி, பகலவி, யூத-பாரசீக எழுத்துகளில் உள்ளன. எழுத்து வேறு, சாமி வேறு, ஏடு ஒன்று.

இனி நம் வீட்டுச் சொல்லுக்கு வருவோம்: 'பங்காளி'. பங்கு உடையவன். ஒரே வம்சத்தில் பிறந்ததால் தானாக வரும் கூட்டு இது. ஆனால் ஊரில் இந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது? பங்காளிச் சண்டை, பங்காளிக் காய்ச்சல்! 1988இல் நானும் அதைப் பட்டேன். உறவினர் ஒருவரோடு கூட்டாக மண்டி தொடங்கினேன். "நமக்குள்ள என்னப்பா கணக்கு" என்றார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வருஷம் ஐந்தொகை போடவில்லை. போட்டபோது பணமும் இல்லை, உறவும் இல்லை. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பேரேட்டைக் கேட்காதது என் தப்பு.

பிறகுதான் உத்தரமேரூர்க் கல்வெட்டு எனக்கு உறைத்தது. முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டு சாசனங்கள் அவை. அது பிராமணர் ஊர்ச்சபை. நிலமும் கல்வியும் உள்ளவர்க்கே அதன் வாரியங்களில் இடம். எல்லாருக்குமான மக்களாட்சி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு விதி என்னை நிறுத்தியது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது, அவனுடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. சொந்தக்காரன் என்பதற்காகக் கணக்கை விடாதே என்பதை அவர்கள் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். நான் நஷ்டப்பட்டுக் கற்றேன்.

நிகமம், சாத்து, ஐந்நூற்றுவர், வாரியம் என்ற சொற்களில் எதுவும் இரத்த உறவைக் குறிக்கவில்லை. வழி, ஊர், பொறுப்பு, முறை இவையே மனிதரைச் சேர்த்துக் கட்டின. பிழைக்க வந்த ஊரில் பல மாவட்டத்தாரும் பல சமயத்தாருமாகச் சேர்ந்த நாமும் ஒருவகையில் நானாதேசிகளே. பங்காளிகளாகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு இருக்கும். விளம்பரம் போலப் புரட்டிவிடாமல் தயவுசெய்து படியுங்கள். சந்தேகம் இருந்தால் பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள்.