ஓ.பி. சீட்டில் வராத முகவரி

 

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த அரசு மருத்துவமனைக்கு, விடாத இருமலோடு ஒரு அம்மா வந்தார். சளிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ரிசல்ட் பாசிட்டிவ், காசநோய். போன் ஸ்விட்ச் ஆஃப். ஓ.பி. சீட்டில் இருந்த தெருவுக்குக் களப்பணியாளர் போனார். அப்படி ஒருத்தரே அங்கே இல்லை. கண்டுபிடிக்க 11 நாள் ஆச்சு. அத்தனை நாளும் ரெண்டு பேரப்பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்திருக்கிறார்.

"ஏம்மா வேற தெருவைச் சொன்னீங்க?"

"காலனின்னு சொன்னா சீட்டு போடுற எடத்துல ஒரு மாதிரி பாக்குறாங்க சார்."

காலனி என்பது லத்தீன் வார்த்தை. மூலப்பொருள், உழவர்கள் குடியேறிய இடம். ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். நம்ம ஊரிலும் ரயில்வே காலனி, டாக்டர்ஸ் காலனி என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. ஆனால் கிராமத்தில் "காலனி ஆளு" என்றால் என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பெயர்களில் சில மரியாதைக்காக வைத்தவை. 1922-ல் எம்.சி. ராஜா சென்னை சட்டசபையில் போராடி, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் 'ஆதிதிராவிடர்' என்று அரசு ஆவணங்களில் எழுத வைத்தார். அது அவர்களே கேட்டு வாங்கிய பெயர். பத்து வருடம் கழித்து காந்தி 'ஹரிஜன்' என்ற சொல்லைப் பரப்பினார். அதை அம்பேத்கர் ஏற்கவில்லை. 1982-ல் மத்திய அரசே சான்றிதழ்களில் அந்தச் சொல் வேண்டாம் என்றது. ஆனா ஊர் போர்டுல 'ஹரிஜன காலனி' அப்படியே நின்னுச்சு.

எங்க மருத்துவத்திலும் இந்தக் கதை உண்டு. டவுன் சிண்ட்ரோமுக்கு முன்பு பெயர் 'மங்கோலிசம்'. ஒரு நாட்டு மக்களின் முகத்தை நோய்க்குப் பெயராக வைத்திருந்தோம்! மங்கோலியா கேட்ட பிறகு, 1965-ல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. நோய் மாறவில்லை. ஆனால் ஒரு நாடே தலைகுனிய வேண்டிய அவசியம் போச்சு.

தெருப் பெயர்களுக்கு வருவோம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பலகைகளில் சாதிப் பெயரை அழிக்கச் சொன்னார்கள். தி.நகரில் 'டாக்டர் நாயர் சாலை' வெறும் 'டாக்டர் சாலை' ஆனது. (எங்க தொழிலுக்கு ஒரு சாலை கிடைச்சது, அவ்வளவுதான் லாபம்.) பாவம், டி.எம். நாயர் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

2025 ஏப்ரல் 29-ல் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் தெரு, சாலை, நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. அதே மாதம் கோவை மேம்பாலத்துக்கு 'ஜி.டி. நாயுடு' பெயர். சர்ச்சை வராம இருக்குமா?

எனக்கு இந்த ரெண்டும் ஒண்ணில்லை. ஒருவர் பெயரோடு ஒட்டியிருக்கும் சாதி வால் வேறு. ஒரு தெருவில் குடியிருப்பவர்கள் எல்லார் மேலும் அடுத்தவன் குத்திய முத்திரை வேறு. முதல்ல போக வேண்டியது ரெண்டாவது.

"பேரை மாத்தினா சாதி போயிடுமா டாக்டர்?" என்று கமெண்டில் கேட்பீர்கள். போகாது. மல்லிகைத் தெரு என்று வைத்தாலும், அதையும் ஒரு மாதிரி சொல்ல ஆள் வருவான். ஆனால் சீட்டு போடுற கவுண்டரில் அந்த அம்மா வாய் திறந்து தன் முகவரியைச் சொல்லியிருந்தால், மாத்திரை 11 நாள் முன்னாடியே போயிருக்கும்.

ஆறு மாத சிகிச்சையை அவர் முழுசா முடித்துவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கும் நோய் இல்லை. கடைசியா வந்தப்போ சீட்டைப் பார்த்தேன். முகவரியில் இன்னும் அந்தப் பக்கத்துத் தெருதான்.