ஊர்ச் சங்கங்களின் வரலாறு

யாழ்ப்பாணத்தில் பொதுப்பணிச் சங்கங்களுக்குக் குறைவில்லை. அவற்றின் வரலாற்றுக்கே குறைவு. 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் 1927இல் காந்தியடிகளை இங்கு வரவழைத்தது. பின்னர் வாலிபர் காங்கிரஸாகி, 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. இவை ஏட்டில் ஏறியமையால் அறிவோம். வாசிகசாலை அமைத்து வீதி திருத்திய கிராமச் சங்கங்களை யார் அறிவார்?

1933இல் கே. எம். செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய நூலகமே யாழ்ப்பாணப் பொது நூலகமாய் வளர்ந்தது. 1981இல் அது எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. ஆதலின், ஒவ்வொரு சங்கமும் தன் கூட்டக் குறிப்பையும் கணக்கேட்டையும் படியெடுத்து ஈரிடத்தில் வைத்தல் வேண்டும். முதியோர் வாய்மொழியை இன்றே எழுதுதல் வேண்டும். யார் தலைமை வகித்தார் என்பதோடு, சாதியின் பேரால் யார் வாயிலில் நிறுத்தப்பட்டார் என்பதும் அதில் இடம்பெறுக. அன்றேல் அது வரலாறன்று, புகழ்மாலையே.