பாதியின் இரட்டிப்பு

"அந்தக் கடைக்காரரிட்டைப் போய்க் கேக்கேலாதோ?"

எங்கள் குழுவில் இருக்கிற எழுவைதீவு நண்பனின் அம்மம்மா கேட்ட கேள்வி இது. கனடாவில் இருக்கிற மாமா அவனுக்கு 300 டொலர் பெறுமதியான யூஎஸ்டிடி அனுப்பியிருந்தார். மாமாவின் தளத்தில் காசு போய்விட்டது எண்டு காட்டுது. இவனுடைய தளத்தில் ஒரு சதமும் இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைச்ச பிறகுதான் விளங்கிச்சு: முகவரி சரி, ஆனால் காசு வந்த வலையமைப்பு வேறை. இவனுடைய தளம் அந்த வலையமைப்பை ஏற்பதில்லை. கேட்டதற்கு ஒரு வரியில் பதில் வந்தது, அவ்வளவுதான். போய்க் கேட்க ஒரு கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை.

அம்மம்மாவின் கேள்விக்கு முதலில் சிரிச்சம். பிறகுதான் யோசிச்சம், காசு அனுப்புகிற வரலாறு முழுக்க அந்தக் கேள்விக்குள்தானே இருக்கு எண்டு.

காசைத் தூக்கிக்கொண்டு போகாமல் ஓர் ஊரில் கட்டி இன்னோர் ஊரில் எடுக்கிற வேலையை இந்த வட்டாரத்தில் நூற்றாண்டுகளாகச் செய்தது உண்டியல். கோவிலில் இருக்கிற உண்டியல் இல்லை. 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று ஒரு வணிகர் இன்னொரு வணிகருக்கு எழுதுகிற சீட்டு. கண்டவுடன் காசு கொடுக்க வேண்டியது ஒரு வகை, தவணை முடிந்து கொடுப்பது இன்னொரு வகை. கொழும்புச் செட்டியார் தெருவில் இருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தொழிலில் இந்தச் சீட்டுக்குப் பெரிய இடம் உண்டு.

எங்களை ஆச்சரியப்படுத்தியது வட இந்திய உண்டியல்களில் இருந்த ஒரு வழக்கம். தொகையை ஒருதரம் எழுதிவிட்டு விடமாட்டார்கள். 'ரூபாய் 1000, இதன் பாதி 500, அதன் இரட்டிப்பு முழுத்தொகை' என்று எழுதுவார்கள். யாராவது ஒரு சுழியைக் கூட்டினால் பாதியோடு கணக்கு இடிக்கும், பிடிபட்டுவிடுவான். சீட்டு வழியில் தொலைந்தால் இரண்டாம் படி, அதுவும் தொலைந்தால் மூன்றாம் படி. இது போதாதென்று, 'இப்படி ஒரு சீட்டு வருகிறது' என்று காசு கொடுக்கவேண்டியவருக்குத் தனியாக ஒரு கடிதமும் போகும். சீட்டு ஒரு வழியால், செய்தி இன்னொரு வழியால்.

இப்ப கிரிப்டோவுக்கு வருவம். பிட்கொயின் முகவரியின் கடைசியில் சரிபார்ப்பு எண் ஒன்று ஒளிந்திருக்கு. ஓர் எழுத்தைப் பிழையாக அடித்தால் பணப்பை முகவரியை ஏற்காது. எதேரியத்தில் 2016இல் இதற்கு ஒரு வழி வந்தது: முகவரியில் எந்த எழுத்து பெரிசு, எந்த எழுத்து சின்னன் என்பதே சரிபார்ப்பு. பாதியை எழுதி இரட்டிப்பாக்கின அதே மூளைதான்.

ஆனால் சரிபார்ப்பு எண் எழுத்துப் பிழையை மட்டுந்தான் பிடிக்கும். எங்கள் நண்பனுக்கு நடந்தது எழுத்துப் பிழை இல்லை. யூஎஸ்டிடி ஒரே பெயரில் ட்ரோன், எதேரியம், பிஎன்பி என்று பல வலையமைப்புகளில் ஓடுது. ட்ரோன் முகவரி 'டி' எழுத்தில் தொடங்குவதால் மாறினால் உடனே தெரிந்துவிடும். எதேரியத்துக்கும் பிஎன்பிக்கும் முகவரி ஒரே வடிவம். மாறிப் போனாலும் ஒரு எச்சரிக்கையும் வராது. எக்ஸ்ஆர்பி போன்றவற்றில் இன்னொரு வில்லங்கம் இருக்கு. தளம் தன் வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஒரே முகவரியைத்தான் கொடுக்கும், ஆளைப் பிரித்து அறிவது கூடவே போடுகிற அடையாள இலக்கத்தால். அதை விட்டால், கடையின் விலாசம் எழுதி ஆளின்ரை பேரை எழுதாத கடிதம் மாதிரித்தான்.

2024 மே மாதம் நடந்தது இன்னும் மோசம். முகவரியின் முன் எழுத்துகளும் பின் எழுத்துகளும் ஒத்துப்போகிற போலி முகவரி ஒன்றில் இருந்து கள்ளர் ஒருவருக்குச் சின்னத் தொகை அனுப்பினார்கள். அவர் அடுத்தமுறை பழைய பட்டியலில் இருந்து அந்த முகவரியைப் பிரதி எடுத்து, ஏறக்குறைய 6 கோடி 80 லட்சம் டொலரை அவர்களுக்கே அனுப்பிவிட்டார். பெரும்பகுதி பிறகு திரும்பி வந்தது.

அதுக்காக உண்டியல் காலத்தைப் பொற்காலம் எண்டு சொல்ல வரேல்லை. நடுவில் இருக்கிறவர் விழுந்தால் எல்லாரும் விழுவார்கள். 1925இல் கொழும்பில் ஒரு செட்டியார் நிறுவனம் முறிந்தபோது, வெள்ளைக்கார வங்கிகள் செட்டியார்களுக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கின. அவர்களை நம்பியிருந்த உள்ளூர் வியாபாரிகள் தவிச்சுப் போச்சினம். 1934இன் வங்கி ஆணைக்குழுவும் 1939இல் தொடங்கிய இலங்கை வங்கியும் அந்தக் கதையின் தொடர்ச்சிதான். 2014இல் மவுன்ட் கொக்ஸ் தளம் ஏறக்குறைய 8,50,000 பிட்கொயின்களைக் காணவில்லை என்றபோதும், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் விழுந்தபோதும் இதே காட்சிதான். அறிவிப்புக்கு முன்னமே காசை வெளியே எடுக்கிற கதவு மூடியிருந்தது.

போர்க்காலத்தில் எங்கட ஆட்களுக்குத் தெரிந்த உண்டியல் இன்னொரு வகை. வெளிநாட்டில் ஒரு கடையில் காசைக் கட்ட, இங்கே ஒருவர் ரூபாயாகக் கொண்டுவந்து தருவார். சீட்டும் இல்லை, ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும். சட்டத்துக்கு வெளியே ஓடினது. ஊரும் உறவும்தான் பிணை. தெரிந்த ஆளுக்குத்தான் அந்தப் பிணையும். ஏமாந்த ஆட்களும் இருந்தவை, எங்கே போய் முறையிடுவினம்? 2021இல் வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் இடைவெளி பெருத்தபோது அதே உண்டியல் திரும்பப் பெருகினது. வங்கி வழியாக நாட்டுக்கு வந்த பணம் 2020இல் 710 கோடி டொலர், 2022இல் 380 கோடிதான். அந்த ஆண்டுகளில்தான் கிரிப்டோவைப் பற்றி மத்திய வங்கியும் எச்சரிக்கைகளை விட்டது: அப்ப அதற்கு இங்கே ஒழுங்குமுறை இருக்கவில்லை, வங்கி அட்டையால் வாங்கவும் அனுமதி இருக்கவில்லை. அதாவது 300 டொலர் தொலைந்தால் முறையிட அதுக்கெண்டு ஒரு கந்தோரும் அப்ப இருக்கவில்லை.

போன கிழமை மாமா திரும்ப அனுப்பினார். நண்பன் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் எழுவைதீவுப் படகுக்குக் காத்துக்கொண்டு நிண்டவன். முதலில் எந்த வலையமைப்பு எண்டு இரண்டு பக்கமும் கேட்டுச் சரிபார்த்தாச்சு. பிறகு 10 டொலர் மட்டும். அது வந்து சேர்ந்து, மாமா தொலைபேசி எடுத்து முகவரியை நடுவில் இருக்கிற எழுத்துகளும் சேர்த்து ஒவ்வொன்றாக வாசிச்ச பிறகுதான் மிச்சம்.

வீட்டுக்குப் போய் இதை அம்மம்மாவுக்குச் சொல்லியிருக்கிறான். இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அவவுக்கும் உண்டியலில் காசு வந்தது. மாமா அங்கேயிருந்து ஒரு ரூபாய்த் தாளின் இலக்கத்தைச் சொல்ல, காசு கொண்டு வாறவர் அந்தத் தாளைக் காட்ட, இலக்கம் ஒத்தால் காசு.

"அப்ப நானும் கடைசி இலக்கம் வரைக்கும் வாசிச்சுப் பாத்துத்தான் வாங்கினனான்" எண்டாவாம்.