சேற்று தேசத்துப் புலி

தியோடர் ரூஸ்வெல்ட்டை உங்களுக்கு ஒரு பொம்மையாகத் தெரிந்திருக்கும். 1902ல், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தபோது, வேட்டைக்குப் போன இடத்தில் மரத்தில் கட்டிவைத்திருந்த ஒரு கரடியைச் சுடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அது பத்திரிகையில் கார்ட்டூனாக வந்து, பிறகு பொம்மையாகி, இன்றைக்கும் குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் 'டெடி பியர்' ஆகிவிட்டது. டெடி என்பது ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயர்!

அதே டெடி, 1912 தேர்தலில் தோற்ற கையோடு, அடுத்த வருஷ டிசம்பரில் பராகுவே நதி வழியாக பிரேசிலுக்குள் நுழைந்தார். வயது ஐம்பத்தைந்து. கூடவே மகன் கெர்மிட்டும் துப்பாக்கிகளும். இந்த முறை கருணையெல்லாம் இல்லை. அப்பா ஒரு ஜாகுவாரைச் சுட்டார். மகன் இன்னொன்றை. நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியத்துக்கு மிருகங்களைச் சேகரித்துத் தரும் பயணம் அது!

அவர்கள் வேட்டையாடிய இடத்தின் பெயர் பான்டனால். 'சதுப்பு' என்று அர்த்தம் தரும் போர்ச்சுகீசிய வார்த்தையிலிருந்து வந்த பெயர். ஏதோ ஏரிக்கரைச் சேறு என்று நினைத்துவிடாதீர்கள். பிரேசிலுக்குள் இருக்கும் பகுதி மட்டுமே சுமார் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை முழுசாக உள்ளே வைத்தாலும் மிச்சம் இடம் இருக்கும். பொலிவியா, பராகுவே பக்கம் நீளும் பகுதி தனி.

இந்த நிலத்துக்கு வருஷத்தில் இரண்டு முகம். அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை மழை. சுற்றியுள்ள மேட்டு நிலத்திலிருந்து தண்ணீர் இறங்கி வருகிறது. ஆனால், பான்டனால் தாம்பாளம் மாதிரி தட்டை. ஒரு கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் சரிவு! தண்ணீர் ஓடாது, நகரும். வடக்கே பெய்த மழை தெற்கே வெள்ளமாக வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். புல்வெளியெல்லாம் கடல் மாதிரி விரிந்துவிடும்.

ஜூலைக்குப் பிறகு காட்சி தலைகீழ். நீர் வடிந்து குட்டைகளாகச் சுருங்குகிறது. மீன்கள் மாட்டிக்கொள்கின்றன. மீனுக்காகக் கொக்கும் நாரையும், கூடவே கைமன் முதலைகளும் வந்து குவிகின்றன. ஆட்டுக்குட்டி அளவுக்குப் பெருச்சாளி இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு பிராணி, பெயர் கேபிபாரா. அதுவும் கூட்டம் கூட்டமாக ஆற்றோரத்தில். இத்தனை விருந்தும் ஒரே இடத்தில் இருக்கும்போது ஜாகுவார் வேறு எங்கே போகும்? ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே 'சீஸன்' என்பதற்கு இதுதான் காரணம். ரூஸ்வெல்ட் போனது மழை தொடங்கிவிட்ட டிசம்பரில். கொசுக்கடியோடு சதுப்பில் அலைய வேண்டியதாயிற்று.

ஜாகுவார் பார்ப்பதற்குச் சிறுத்தை மாதிரி இருக்கும். ஆனால், அதைவிடப் பருமன், தலையும் பெரிசு. இரையின் மண்டை ஓட்டையே கடித்து உடைக்கிற தாடை. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அதை 'டிக்ரே', அதாவது 'புலி' என்றே அழைத்தார்கள். புலி வேட்டைக்காரனுக்கு 'டிக்ரேரோ' என்று பெயர்.

அந்தப் பெயரை உலகம் முழுக்கப் பரப்பியவர் சாஷா ஸீமெல். பிறந்தது லாட்வியாவின் ரிகா நகரத்தில். வைரம் தோண்டுகிற முகாம்களில் துப்பாக்கி ரிப்பேர் செய்து பிழைத்துக்கொண்டிருந்தவர், ஒரு பழங்குடி வேட்டைக்காரரிடம் ஈட்டி வேட்டையைக் கற்றுக்கொண்டார். நாய்கள் ஜாகுவாரை மடக்கி நிறுத்தும். அது ஆத்திரத்தோடு பாயும். பாய்ந்து வருகிற மிருகத்தை ஈட்டி முனையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அரை விநாடி தாமதித்தால், அவ்வளவுதான்! ஸீமெல் கொன்றவை முந்நூறுக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் மேடையேறிக் கதை சொன்னார். 1937ல் ஹாலிவுட் தொடர் படம் ஒன்றில்கூட நடித்தார். பிறகு, பணம் கட்டி வரும் பிரமுகர்களைப் பான்டனாலுக்கு வேட்டைச் சுற்றுலா அழைத்துப் போனார். இன்று சீஸனுக்கு வருகிற டூரிஸ்ட்டின் முன்னோடிகளில் ஒருவன், தோளில் துப்பாக்கியோடு வந்த அந்தப் பணக்காரன்தான்.

உள்ளூர்க்காரர்கள் இதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. பான்டனாலில் 90 சதவிகிதத்துக்கும் மேல் தனியார் மாட்டுப் பண்ணைகள். ஜாகுவார் ஒரு கன்றுக்குட்டியை அடித்தால் பண்ணைக்காரருக்கு நஷ்டம். எனவே, புலி என்றால் சுடு! அதில் அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

அடுத்து வந்தது ஃபேஷன். 1962ல் ஜாக்குலின் கென்னடி சிறுத்தைத் தோல் கோட்டு ஒன்றை அணிந்தார். புள்ளித் தோலுக்குத் திடீர் மவுசு. 1968ல் மட்டும் அமெரிக்கா இறக்குமதி செய்த ஜாகுவார் தோல்கள் 13,000க்கும் அதிகம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்கக் காடுகள் பல காலியாகிக்கொண்டிருந்தன.

சட்டம் விழித்துக்கொண்டது. 1967லேயே பிரேசில், தொழில்முறை வேட்டையைத் தடை செய்திருந்தது. 1975ல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் தோல் வியாபாரத்தின் கதவையும் சாத்தியது. ஆனால், பண்ணைக்குள் நடப்பதை யார் போய்ப் பார்ப்பது? துப்பாக்கிகள் ஓயவில்லை. தோலுக்காகக் கைமன் முதலைகளைக் கொன்று குவித்த கள்ள வேட்டை எண்பதுகளிலும் தொடர்ந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஜார்ஜ் ஷேலர் அங்கே போனார். அறுபதுகளில் நம் கன்ஹா காட்டில் புலிகளை ஆராய்ந்தவர், நீலகிரி வரையாடுகளையும் தேடிப் போய்ப் பார்த்தவர். எழுபதுகளின் கடைசியில், பிரேசில்காரரான பீட்டர் க்ராஷாவுடன் சேர்ந்து ஜாகுவார்களுக்கு ரேடியோ பட்டை மாட்டி, அவற்றின் நடமாட்டத்தை முதன்முறையாகப் பதிவு செய்தார். கொல்வதற்காகவே பின்தொடரப்பட்ட ஒரு மிருகத்தை, தெரிந்துகொள்வதற்காக மனிதன் பின்தொடர்ந்தது புது விஷயம்.

இன்னொரு புது விஷயம், ஒரு பாதியில் நின்ற ரோடு! போகோனே என்ற ஊரிலிருந்து பான்டனாலைக் குறுக்கே கடந்து கொரும்பா நகரம் வரை போக வேண்டும் என்று எழுபதுகளில் போட ஆரம்பித்தார்கள். 145 கிலோமீட்டர், 120 சொச்சம் பாலங்கள் தாண்டி, போர்ட்டோ ஜோஃப்ரே ஆற்றங்கரையில் வேலை நின்றுபோனது. ரோடு முடிகிற அந்த இடத்துக்கு முதலில் வந்தவர்கள் தூண்டில் போடுகிற டூரிஸ்ட்டுகள். அவர்களுக்குப் படகு ஓட்டியவர்கள், ஆற்றங்கரையில் பட்டப்பகலில் ஜாகுவார் படுத்திருப்பதை அடிக்கடி பார்த்தார்கள். 2000க்குப் பிறகு தூண்டில்காரர்களோடு கேமராக்காரர்களும் வந்து இறங்க, படகோட்டிகள் 'ஜாகுவார் கைடு' ஆனார்கள்.

2017ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பான்டனாலின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஜாகுவார் பார்க்க வருகிறவர்களால் வருஷத்துக்குக் கிடைக்கும் வருமானம் சுமார் 68 லட்சம் டாலர். அந்தப் பகுதியில் ஜாகுவார் அடித்துப் போடும் மாடுகளால் ஏற்படும் நஷ்டம் சுமார் 1.2 லட்சம் டாலர்! செத்த புலியைவிட உயிரோடிருக்கும் புலிதான் லாபம். ஆனால், இதில் ஒரு சிக்கலும் உண்டு. வருமானம் லாட்ஜ் வைத்திருப்பவருக்கு. மாடு போவது பக்கத்துப் பண்ணைக்காரருக்கு. இரண்டு பேரும் ஒருவராக இல்லாத இடத்தில் துப்பாக்கி இன்னும் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, பணம் வந்தது, புலி பிழைத்தது என்று சுபம் போட்டுவிடலாமா?

2020ல் மழை பொய்த்தது. காய்ந்த புல்லில் மனிதன் வைத்த நெருப்பு கையை மீறிப் பரவியது. பான்டனாலில் கால் பங்குக்கு மேல் எரிந்தது. சுமார் 1.7 கோடி முதுகெலும்புள்ள பிராணிகள் செத்திருக்கும் என்று பிறகு விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். போர்ட்டோ ஜோஃப்ரேயை ஒட்டிய பூங்காவில், அதாவது உலகத்திலேயே ஜாகுவாரைச் சுலபமாகப் பார்க்க முடிகிற இடத்தில், பெரும்பகுதி சாம்பல். அங்கே பாதங்கள் வெந்துபோன ஓர் ஆண் ஜாகுவாரைக் கண்டுபிடித்து, சிகிச்சை கொடுத்து, சில வாரங்களில் கழுத்தில் பட்டையோடு அதே ஆற்றங்கரையில் விட்டார்கள். அதற்கு 'ஊஸாடோ' என்று பெயர். 'துணிச்சல்காரன்' என்று அர்த்தம். அது பிழைத்துக்கொண்டது.

நெருப்பு 2024லும் வந்தது. அந்த வருஷ அக்டோபரில், ரூஸ்வெல்ட் படகில் வந்த அதே பராகுவே நதியின் நீர்மட்டம், நூறு வருஷத்துக்கும் மேலான பதிவுகளில் இல்லாத அளவுக்குக் கீழே போனது.

துப்பாக்கியை இறக்கிவைக்க ஒரு பண்ணைக்காரரைச் சம்மதிக்க வைத்தால் போதும். டூரிஸ்ட்டின் பணம் அதைச் செய்தது. ஆனால், பான்டனாலுக்கு வேண்டிய தண்ணீர் பான்டனாலில் பிறப்பதில்லை. சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் பிறக்கிறது. அங்கே ஜாகுவாரும் இல்லை, லாட்ஜும் இல்லை. சோயா வயல்கள் இருக்கின்றன. அந்த விவசாயிக்கு, வெள்ளம் ஏன் வருஷா வருஷம் கீழே போய்ச் சேர வேண்டும் என்று யார் கணக்குப் போட்டுக் காட்டப்போகிறார்கள்?

வெள்ளம் வந்து வடிந்தால்தான் குட்டை. குட்டை இருந்தால்தான் மீன். ஊஸாடோவைக் காப்பாற்ற ஒரு டாக்டர் கூட்டம் போதுமானதாக இருந்தது. அது காலை ஊன்றி நிற்கிற ஆற்றுக்கு வைத்தியம், அந்த மேட்டு நிலத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும்.